பங்கேற்பாளரா, பங்காளியா?

வழிப்போக்கன் கேட்டது, ஜூன் 2

"சமூகம் சார்ந்த பொது சுகாதார ஆய்வு" என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். கிராமத்தில் நோய் அதிகம், ஆஸ்பத்திரி தூரம், டாக்டர் இல்லை. இது ஊரறிந்த விஷயம். இதற்கு எதற்கு இன்னொரு ஆய்வு? அதிலும் ஊர்க்காரர்களையே கூட்டிவைத்து "உங்கள் பிரச்சினை என்ன" என்று கேட்பது ஃபண்டிங் வாங்குவதற்கான சடங்கு என்பது என் கருத்து. டாக்டரையும் மருந்தையும் அனுப்பினால் வேலை முடிந்தது. தவறென்றால் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சடங்கை நானே பலமுறை நடத்தியிருக்கிறேன். புராஜெக்ட் எழுதும்போதே முடிவான கேள்விகளை எடுத்துக்கொண்டு போய், மரத்தடியில் நாற்பது பேரை உட்காரவைத்து, "சொல்லுங்க, உங்க ஊருக்கு என்ன வேணும்?" என்று கேட்போம். ரோடு வேணும் என்பார்கள். எங்கள் புராஜெக்ட் ரத்தசோகை பற்றியது. போட்டோ எடுத்து, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கித் திரும்பிவிடுவோம். ரிப்போர்ட்டில் "சமூகத்துடன் கலந்தாலோசிக்கப்பட்டது" என்று ஒரு வரி ஏறிவிடும்.

ஆனால் டாக்டரை அனுப்பினால் வேலை முடிந்தது என்கிறீர்களே, அங்கே மறுக்கிறேன். வேல்ஸில் ஒரு சுரங்கக் கிராமத்தில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-ல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் எழுதினார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கையில் விட்டால் இன்னும் மோசமாகும். தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று அதற்குப் பெயர் வைத்தார். மருத்துவம் இலவசமாகக் கிடைக்கும் நாட்டில் இருந்துகொண்டு எழுதியது அது. அவர் தன் ஊரில் செய்தது இன்னும் முக்கியம். வருகிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வராதவர்களின் நோய் தெரியாது என்று ஊர் முழுவதற்கும் ரத்த அழுத்தம் அளக்கக் கிளம்பிவிட்டார்.

அதே மாதிரி ஒன்று இங்கே நம் நாட்டில். அபய் பங், ராணி பங் இருவரும் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இரண்டு கிராமங்களில் 650 பெண்களை, தொந்தரவு இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும் எல்லோரையும், பரிசோதித்தார்கள். 1989-ல் லான்செட்டில் வந்தது. 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் அதற்காகப் பரிசோதித்துக்கொண்டவர்கள் 8 சதவீதம். ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரை மட்டும் புரட்டியிருந்தால் அந்த ஊரில் அந்த நோயே கிடையாது. நீங்கள் அனுப்புகிற டாக்டர் அந்த ரெஜிஸ்டரைத்தான் பார்ப்பார்.

ஜூன் 3

92 என்பது அந்த இரண்டு கிராமங்களில் பரிசோதித்த பெண்களில். "இந்தியப் பெண்களில் 92 சதவீதம்" என்று யாரோ அதற்குள் எடுத்துப் பரப்பியிருக்கிறீர்கள். ஒரு இரவுதான் ஆகியிருக்கிறது.

ஜூன் 5

"ஊர்க்காரர்களிடம் கேட்டுப் புதிதாக என்ன தெரியப் போகிறது" என்று வழிப்போக்கன் மறுபடி எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிய வந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி: அருகிலுள்ள சுகாதார நிலையம் எத்தனை கிலோமீட்டர்? உலகத்தில் எந்தச் சுகாதார சர்வேயிலும் இருக்கும் கேள்வி. படிவத்தை இறுதி செய்வதற்கு முன் ஏழெட்டுப் பெண்களிடம் வாசித்துக் காட்டினேன். அதில் ஒரு அக்கா, எதற்கும் சட்டென்று வாய் திறக்காதவர், கேட்டார்:

"ஏம்மா, போறது எத்தனை கிலோமீட்டர்னு இருக்கு. திரும்பி வர்றது எத்தனைன்னு எங்க இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். போன தூரம்தானே வருகிற தூரம்.

அக்கா சிரிக்கவில்லை. போவதற்கு ஊரில் யாராவது ஏற்றிக்கொண்டு போவார்கள், அவசரம் என்றால் நடுராத்திரியில்கூட வண்டி வரும். பார்த்து முடித்து, ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வாங்கி வெளியே வரும்போது சாயங்காலம். கடைசி பஸ் போயிருக்கும். கொண்டுவந்து விட்டவர் எப்போதோ திரும்பியிருப்பார். ராத்திரி எங்கே படுப்பது? வீட்டில் பிள்ளைகளை யார் பார்ப்பது? மறுநாள் கூலியும் போச்சு. "காய்ச்சல் வந்தா போறதப் பத்தி யாரு யோசிக்கிறா? வர்றத யோசிச்சுத்தான் போகாம இருக்கோம்."

"திரும்பி வீடு சேர எத்தனை மணி நேரம், எப்படி" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். வந்த படிவங்களைப் பரப்பிவைத்துப் பார்த்தபோது, ஒரே ஏழு கிலோமீட்டரில் இருந்த இரண்டு ஊர்கள் இரண்டு துருவங்களாக இருந்தன. ஒன்றில் கர்ப்பிணிகள் மாதாமாதம் போய் வந்திருக்கிறார்கள். இன்னொன்றில் பிரசவ வலிக்கு மட்டும். கிலோமீட்டரை வைத்து எழுதியிருந்தால் இரண்டாவது ஊருக்கு "விழிப்புணர்வு போதாது" என்று முத்திரை குத்தியிருப்போம். அப்படி நான் முன்பு குத்திய ஊர்கள் எத்தனை என்று நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஜூன் 6

செயற்கைக்கோள் வரைபடம் போதும், பயண நேரத்தை அதுவே கணக்கிடும் என்று ஒருவர். கணக்கிடும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் எந்தத் திண்ணையில் படுத்தார் என்பதை அது கணக்கிடாது. இரண்டும் வேண்டும் என்பதை ஏன் யாரும் ஏற்றுக்கொள்ள மறுக்கிறீர்கள்?

ஜூன் 9

சொல்லைப் பற்றிக் கொஞ்சம். ஆய்வு மொழியில் "பங்கேற்பாளர்" என்று எழுதுகிறோம். ரத்தம் கொடுத்தவர் பங்கேற்பாளர், படிவத்துக்குப் பதில் சொன்னவர் பங்கேற்பாளர், மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனவரும் பங்கேற்பாளர். நம் மொழியில் பங்கை வைத்து இன்னொரு சொல் இருக்கிறது: பங்காளி. பங்காளி என்றால் சொத்தில் பங்கு கேட்பான். கணக்கு கேட்பான். வரப்புச் சண்டைக்கு வருவான். கையெழுத்துப் போடமாட்டேன் என்று முறுக்கிக்கொள்வான். அவனை விட்டுவிட்டுப் பத்திரம் பதிய முடியாது.

இந்த ஆய்வு முறை கேட்பது பங்காளியை. நாங்கள் தேடுவது பங்கேற்பாளரை.

ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல் குடிமக்கள் பங்கேற்புக்கு எட்டுப் படி வைத்து ஒரு ஏணி போட்டுக் காட்டினார். கீழ்ப்படி ஏமாற்றுவது, மேல்படி மக்கள் கையிலேயே அதிகாரம். நாங்கள் பெருமையாக எழுதும் "கலந்தாலோசனை" கீழிருந்து நாலாவது படி. கருத்தைக் கேட்பார்கள், எதையும் மாற்றவேண்டிய கட்டாயம் இல்லாத படி. என் அனுபவத்தில் முக்கால்வாசி புராஜெக்ட் அங்கேயே உட்கார்ந்து மூச்சு வாங்குகிறது.

ஒன்று மட்டும் சொல்வேன்: ஊர்ப் பெண் ஒருத்தி சம்பளத்தோடு குழுவில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஜூன் 10

"கதை நன்றாக இருக்கிறது, உயிர் பிழைத்ததா?" என்ற கேள்வி நியாயமானது. நீளமாகத்தான் பதில் சொல்லவேண்டும்.

நேபாளத்தின் மக்வான்பூர். ஊர்ப் பெண்ணே ஒருங்கிணைப்பாளர், மாதம் ஒரு கூட்டம். பிரசவத்திலும் அதற்குப் பின்னும் என்னென்ன ஆபத்து வருகிறது, எதை முதலில் கையிலெடுப்பது, அதற்கு நாமே என்ன செய்யலாம், செய்தது பலித்ததா என்று அவர்களே பேசி முடிவெடுப்பார்கள். எந்தக் கிராமத்துக்கு இந்தக் கூட்டம், எதற்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 2004-ல் லான்செட்டில் முடிவு வந்தது. பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள், கூட்டம் நடந்த இடங்களில் 1000-க்கு 26, நடக்காத இடங்களில் 37. கர்ப்பிணிகளில் கூட்டத்துக்கு வந்தவர்கள் 37 சதவீதம்தான். மீதிப் பேச்சு வீட்டுக்கு வீடு தானாகப் போயிருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் பேசியதைக் கூட்டத்தோடு விட்டுவிடும் பெண்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்து ஜார்க்கண்ட், ஒடிசா. பெரும்பாலும் பழங்குடிக் கிராமங்கள். ஏக்ஜுட் என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை நடத்தியது. எழுதப் படிக்கத் தெரியவேண்டியதில்லை, படச்சீட்டு, விளையாட்டு, கதை. பச்சிளங்குழந்தை இறப்பு 45 சதவீதம் குறைந்தது.

இப்போது வங்கதேசம். அதே முறை, மூன்று மாவட்டங்கள், அதே காலகட்டம். இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை.

இந்த இடத்தில்தான் "பார்த்தாயா, எல்லாம் சும்மா" என்று கடையைக் கட்டியிருப்பார்கள். ஆய்வு நடத்தியவர்கள் அப்படிச் செய்யாமல் உட்கார்ந்து எண்ணினார்கள். ஏக்ஜுட் பகுதியில் ஏறக்குறைய 470 பேருக்கு ஒரு குழு. வங்கதேசத்தில் 1400 பேருக்கு ஒரு குழு. கால் மாத்திரை கொடுத்துவிட்டு ஜுரம் இறங்கவில்லை என்று சொன்ன மாதிரி. குழுக்களைப் பெருக்கினார்கள், சுமார் 310 பேருக்கு ஒன்று. 2013-ல் வந்த முடிவில் பச்சிளங்குழந்தை இறப்பு 38 சதவீதம் குறைவு. அதே ஆண்டில் இந்தியா, நேபாளம், வங்கதேசம், மலாவி ஆகிய நாடுகளில் நடந்த 7 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரையும் வந்தது. கர்ப்பிணிகளில் 30 சதவீதத்துக்கு மேல் கலந்துகொண்ட இடங்களில்தான் பலன் பெரிதாகத் தெரிகிறது, மூன்றில் ஒரு பங்கு இறப்பு குறைகிறது.

அதனால் வழிப்போக்கன், உங்கள் "சடங்கு" என்ற சொல்லைப் பாதி திரும்பக் கொடுக்கிறேன். வருஷத்துக்கு ஒரு கூட்டம், ஒன்றியத்துக்கு ஒரு குழு என்றால் சடங்குதான்.

ஜூன் 11

திருத்தம். 45 என்பது ஏக்ஜுட் ஆய்வின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில். மூன்று ஆண்டும் சேர்த்தால் 32. முதல் ஆண்டில் பேசிப் பழகவே நேரம் போயிருக்கும். பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடியது என் தப்பு. 3-ம் தேதி ஊருக்கு உபதேசம் செய்தவள் நான்.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயம், தாய்மார்களின் மனச்சோர்வையும் அளந்திருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில், மிதமான மனச்சோர்வு குழுக்கள் நடந்த பகுதிகளில் பாதிக்கும் கீழே. யாரும் மாத்திரை கொடுக்கவில்லை.

ஜூன் 11, மதியம்

கூட்டம் நடக்காத கிராமத்துக் குழந்தைகளைச் சாகவிட்டு எண்ணுவது என்ன அறம் என்று கேட்டவருக்கு: இந்த ஆய்வுகளில் அந்தப் பக்கக் கிராமங்களையும் வெறுமனே விட்டுவிடவில்லை. மக்வான்பூரில் இரண்டு பக்கமும் சுகாதார நிலையங்களைச் சீர்படுத்தினார்கள். அது போதுமா என்றால் எனக்கும் உறுத்தல் உண்டு. பலன் நிரூபணமாகாத ஒன்றை எல்லா ஊருக்கும் திணிப்பதும் அறமில்லை என்று சொல்லி உறுத்தலைச் சமாளிக்கிறேன். சில நாள் சமாளிக்க முடிவதில்லை.

ஜூன் 15

9-ம் தேதி எழுதிய கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். "ஊர்ப் பெண் ஒருத்தி குழுவில் இருந்தால் பாதிக் கிணறு." பாதிக் கிணறு தாண்டுகிறவர்கள் எங்கே விழுவார்கள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

டஸ்கீகி ஆய்வு. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மேக்கன் வட்டாரம். குத்தகை விவசாயம் செய்த ஏழைக் கறுப்பின ஆண்கள் 600 பேர். 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய், 201 பேருக்கு இல்லை. 1932-ல் அந்நாட்டு அரசின் பொது சுகாதாரத் துறையே தொடங்கியது. நோய் வளர்ந்து என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். அவர்களிடம் சொன்னதோ "கெட்ட ரத்தம்", சிகிச்சை தருகிறோம் என்று. 1940-களிலேயே அதைக் குணமாக்கும் பெனிசிலின் வந்துவிட்டது. கொடுக்கவில்லை. 1972-ல் பத்திரிகையில் வரும்வரை, 40 வருஷம்.

அந்த ஆய்வை அத்தனை வருஷம் கட்டிக்காத்தது யார்? யூனிஸ் ரிவர்ஸ் என்ற நர்ஸ். அவரும் கறுப்பினப் பெண், அந்தப் பகுதியிலேயே வேலை பார்த்தவர், ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர், காரில் அழைத்துப் போய்க் கொண்டுவந்து விட்டவர். (திரும்பி வருவதைக்கூடப் பார்த்துக்கொண்டார்கள், அக்கா.) இறந்தால் அடக்கச் செலவு தருவார்கள், உடலை அறுத்துப் பார்க்கச் சம்மதித்தால். மக்கள் அவரை நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் கயிறு.

எங்கள் பயிற்சிகளில் "சமூகத்தின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி" என்று ஒரு முழு நாள் ஒதுக்குகிறார்கள். நம்பிக்கையைப் பெற்ற பின் அதைவைத்து என்ன செய்யக்கூடாது என்பதற்கு அரை மணி, அதுவும் சாப்பாட்டுக்கு முன்.

ஊர்ப் பெண் குழுவில் இருந்தால் போதாது. "இதை நிறுத்துங்க" என்று சொல்லும் அதிகாரம் அவளிடம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஜூன் 16

நேற்றையதன் தொடர்ச்சி. இது அறுபது எழுபது வருஷப் பழைய கதை, இப்போது ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு இருக்கிறது, ஒப்புதல் படிவம் இருக்கிறது என்கிறீர்கள். 1990-களுக்கு வாருங்கள். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் வாழும் ஹவாசுப்பாய் பழங்குடியினர். நீரிழிவு அவர்களை வாட்டியது. உதவி கேட்டார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் ரத்தம் எடுத்தார்கள். அதே ரத்தம் பின்னால் மனச்சிதைவு பற்றியும், உறவுக்குள் மணம் பற்றியும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்பட்டது. 2003-ல் அந்தப் பழங்குடிப் பெண் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட உரையைக் கேட்கப் போய், பேசப்படுவது தங்கள் ரத்தம் பற்றி என்று தெரிந்து, எழுந்து கேள்வி கேட்டார். 2010-ல் சமரசம்: 41 பேருக்கு 7 லட்சம் டாலர், மீதமிருந்த ரத்த மாதிரிகள் திரும்பக் கிடைத்தன.

எழுந்து கேட்டார் பாருங்கள். அவர் பங்காளி.

ஜூன் 16, இரவு

ஆமாம், அந்தச் சொல்லை நான் ஓவராகப் பயன்படுத்துகிறேன். தெரிகிறது.

ஜூன் 22

"எடுத்த டேட்டாவை ஊருக்கே திருப்பிக் காட்டவேண்டும், அதுதான் முதல் கடமை" என்று நீங்கள் நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017-ல் தங்களை ஆராய வருகிறவர்களுக்கு ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டார்களே, அதன் மனக்குறையும் அதுதான்: வருகிறீர்கள், எடுத்துக்கொண்டு போகிறீர்கள், திரும்பி வருவதில்லை. நானும் இதைப் பல மேடைகளில் பேசியவள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு ஊரில் ஆறு மாத வேலை முடிந்தது. முடிவை ஊரிடம் ஒப்படைக்கிறோம் என்று பெரிய சார்ட் தாளில் ஊர் வரைபடம் போட்டோம். தெரு, கிணறு, பள்ளிக்கூடம். எங்கெங்கே குழந்தை இறந்ததோ அங்கே ஒரு சிவப்புப் பொட்டு. பெயர் கிடையாது, வயது கிடையாது. நெறிமுறைக் குழு கேட்டது அவ்வளவுதான். மொத்தம் நான்கு பொட்டு.

சார்ட்டை மாட்டி ஒரு நிமிஷம் ஆகவில்லை. பின் வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து போய்விட்டாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் இருப்பது மூன்று வீடு. எந்த வீடு என்று ஊருக்குத் தெரியும். அவள் மாமியாருக்கும் தெரியும். "கூட்டத்துல அத்தன பேர் மத்தியில பொட்டு வெச்சுக் காட்டுனாங்க" என்று வீட்டில் பிறகு என்ன பேச்சு நடந்தது என்பதை அக்கா மூலம் கேள்விப்பட்டேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

பத்து லட்சம் பேர் உள்ள நகரத்தில் பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார். முந்நூறு பேர் உள்ள ஊரில் பெயர்தான் கடைசியாகத் தேவைப்படும் தகவல். "காசநோய், ஐம்பது வயது, கணவர் இல்லை" என்றால் முடிந்தது.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "பரவால்லக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், கதவருகிலேயே நின்றுகொண்டு.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், ஊருக்குக் காட்டுவதற்கு முன் சம்பந்தப்பட்ட வீடுகளுக்கு முதலில் தனித்தனியாகப் போகிறேன். ஏழெட்டு ஊர்களைச் சேர்த்த எண்ணைத்தான் பொதுவில் வைக்கிறேன். எந்தத் தாளை மாட்டலாம், எதை மாட்டக்கூடாது என்பதை ஊர்க் குழு முடிவு செய்கிறது. சில தாள்களை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்று நான் ராத்திரி கண்விழித்துப் போட்ட மிக அழகான வரைபடம்.

ஜூன் 23

அந்த நான்கு பொட்டில் இன்னொரு தப்பும் இருக்கிறது, எண்ணிக்கைத் தப்பு. சின்ன ஊரில் ஒரு வருஷம் நான்கு, மறுவருஷம் ஒன்று என்றால் "75 சதவீதம் குறைந்தது" என்று எழுதலாம், எழுதுகிறார்கள். வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். அதனால்தான் ஏக்ஜுட் மாதிரி ஆய்வுகள் 36 கிராமத் தொகுப்புகளை எடுத்துக்கொண்டன. "எங்கள் கிராமத்தில் சாதித்தோம்" என்ற ரிப்போர்ட்டைப் பார்த்தால், எத்தனை பிறப்பில் எத்தனை இறப்பு என்று முதலில் கேளுங்கள். சதவீதத்துக்குப் பின்னால் நிறைய பேர் ஒளிந்துகொள்கிறார்கள்.

ஜூலை 1

சம்பளம் பற்றிக் கேட்டவருக்கு. ஆம், ஊர்ப் பெண்ணின் உழைப்பை "தன்னார்வம்" என்று எழுதிவிட்டு அதே புராஜெக்டில் ஆலோசகருக்குத் தினப்படி கொடுப்பது வழக்கம். ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணிக்கு எடுக்கும் அரசின் ஆஷா திட்டம் 2005-ல் தொடங்கியது; அதிலும் அந்தப் பெண்களைத் தன்னார்வலர் என்றுதான் வகைப்படுத்தினார்கள், வேலைக்குத் தகுந்த ஊக்கத்தொகை மட்டும். இதைப் பற்றி எழுதினால் கோபம் வரும், எழுத்து கெட்டுவிடும். விடுங்கள்.

கோபத்தை மாற்ற ஒரு நல்ல விஷயம். மறுபடி கட்சிரோலி, பங் தம்பதியின் அமைப்பு. குழந்தைக்கு நிமோனியாவா என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணவேண்டும். பிரசவம் பார்க்கும் மூதாட்டிகளுக்கு ஐம்பது அறுபது வரை எண்ணத் தெரியாது. "எழுத்தறிவு இல்லாதவர்களால் முடியாது" என்று முடித்திருக்கலாம். ஒரு நிமிட மணல் கடிகாரமும் மணிகள் கோத்த சட்டமும் சேர்த்து ஒரு கருவி செய்து கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ளவேண்டும். மணல் கீழே இறங்குவதற்குள் இத்தனையாவது மணியைத் தள்ளிவிட்டால் நிமோனியா. பெரிய எண் எதுவும் தேவையில்லை. ஊரில் இருக்கும் அறிவுக்குத் தக்கபடி கருவியை வளைப்பது என்றால் இதுதான். நாங்கள் கருவிக்குத் தக்கபடி ஊரை வளைக்கப் பயிற்சி முகாம் நடத்துகிறோம்.

அதே அமைப்பு 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு சொல்லிக் கொடுத்து, மூன்றே வருஷத்தில் இறப்பை 62 சதவீதம் குறைத்தது 1999-ல் வெளிவந்தது. ஊசி போடுவது உட்பட. டாக்டர்கள் பதறினார்கள் என்று சொல்லவேண்டுமா?

ஜூலை 19

நாலு நாள் ஊரில் இல்லை. அதற்குள் இழை "ரோடு மருத்துவமா" என்ற சண்டைக்கு வந்து நிற்கிறது. ஆரம்பித்தது என் ரத்தசோகைக் கதைதான், அதனால் பொறுப்பும் எனக்கே.

ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதி 1970-ல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடுக்குப் போனபோது, அங்கே மக்களுக்கு முதலில் வேண்டியிருந்தது தண்ணீரும் சாப்பாடும். டாக்டர்கள் கிணற்றில் இருந்து ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி டெல்டாவில் ஜாக் கைகர் 1960-களில் சுகாதார மையம் நடத்தியபோது பட்டினிக் குழந்தைகளுக்கு மருந்துச்சீட்டில் உணவை எழுதிக் கொடுத்து, பில்லை மருந்துக் கணக்கில் ஏற்றினார். மேலிடம் ஆள் அனுப்பிக் கேட்டபோது, சத்துக்குறைவுக்கு மருந்து உணவுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் இந்த யோசனையைக் கற்றது தென்னாப்பிரிக்காவின் போலேலாவில், சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதி 1940-ல் தொடங்கிய மையத்தில். அங்கேயும் வீடு வீடாகப் போய் எண்ணினார்கள், காய்கறித் தோட்டம் போட்டார்கள்.

ஆகவே ரோடு மருத்துவமா என்றால், ரத்தசோகை உள்ள கர்ப்பிணி ரத்தம் ஏற்றிக்கொள்ளப் போக ரோடு வேண்டும். மரத்தடியில் அவர்கள் எங்கள் கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள். எனக்குத்தான் அது பதில் என்று தெரியவில்லை.

வழிப்போக்கன், ரொம்ப நாளாகச் சத்தமில்லை. இருக்கிறீர்களா?

ஜூலை 20

இருக்கிறாராம். "டாக்டரும் வேண்டும்" என்கிறார். வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்?

செப்டம்பர் 8

பழைய இழையைத் தோண்டுவதற்கு மன்னிக்கவும். ஒரு புலம்பல்.

அடுத்த கட்ட ஆய்வுக்கு விண்ணப்பம் தயாராகிறது. பணம் தருகிற இடத்தில் படிவம் நீளம், இருபது நிமிஷத்துக்குள் முடியவேண்டும், சில கேள்விகளை வெட்டுங்கள் என்றார்கள். வெட்டினேன். வெட்டியதில் "திரும்பி வீடு சேர எத்தனை மணி நேரம்" என்ற கட்டமும் போய்விட்டது. கிலோமீட்டர் இருக்கிறதே, அதைவைத்துச் சமாளிக்கலாம் என்று மனசு சொல்லிற்று. அத்தனை நாள் இங்கே வாய் கிழிய எழுதியவளின் மனசு.

விண்ணப்பத்தோடு ஊர்க் குழுவின் சம்மதக் கடிதம் வைக்கவேண்டும். இப்போது அந்த அக்காதான் குழுத் தலைவி. புதுப் படிவத்தை யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். நேற்று போன் செய்தார்.

"என் கேள்விய எங்கம்மா காணோம்?"

இடப் பற்றாக்குறை, மேலே சொன்னார்கள், அடுத்த முறை சேர்த்துவிடலாம் என்று ஏதேதோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரிம்மா. அது வந்தப்புறம் கையெழுத்து போட்டுக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால் ரெண்டு மணி நேரம் செம கடுப்பில் இருந்தேன். இப்போது படிவத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். எந்தக் கேள்வியை எடுத்தால் இது உள்ளே வரும் என்று பார்க்கவேண்டும். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ்.